மைக்கை ஓஃப் பண்ணுங்க, கொஞ்சம் கதைப்பம்

கொஞ்ச மாசத்துக்கு முந்தி ஒரு கலந்துரையாடலுக்குப் போனன். அழைப்பிதழ்ல அப்படித்தான் அடிச்சிருந்தாங்க. சமூகம், ஒழுக்கம், பொறுப்பு எண்டு நீளமா ஒரு தலைப்பு. பின்னேரம் நாலு மணி. அஸர் தொழுத கையோட போய்க் குந்திட்டன். (நாலு மணி எண்டா அஞ்சு மணி எண்டு இந்த வயசிலயும் விளங்காத மனிசன் நான்.)

கிராஅத். வரவேற்புரை. தலைமையுரை. விசேட உரை. சிறப்புரை.

விசேட உரையையும் சிறப்புரையையும் ஏன் ரெண்டாப் போட்டிருக்கு எண்டு பக்கத்துல இருந்த ரிட்டயர்ட் மாஸ்டர்ட்ட கேட்டன். "முதலாவது ஆளுக்கு நேரத்தோட போகணும் தம்பி. ரெண்டாவது ஆள் பிந்தித்தான் வருவார்" எண்டார்.

மஃரிபுக்கு பாங்கு சொல்ல பத்து நிமிசம் கிடக்கு. "நேரம் போதாததால கேள்விகளைத் தவிர்த்துக்கொள்றம்" எண்டு அறிவிச்சாங்க. ஆனா பொன்னாடை போத்த நேரம் இருந்திச்சு. வரிசையாப் போத்தினாங்க. போத்தினவருக்கும் ஒராள் போத்தினார். வெளிய வரக்குள்ள கையில ஒரு பெட்டி. ஒரு ரோல்ஸ், ஒரு கட்லட். ரோல்ஸ் நல்லா இருந்திச்சு, பொய் சொல்லக்கூடா.

எரிச்சல் ராவைக்கும் போகல்ல.

எங்கட ஊர்ல பேச்சுக்குப் பஞ்சமா கிடக்கு? ஜும்ஆவுல குத்பா. இஷாவுக்குப் பொறகு பயான். கொள்கை விளக்கம் எண்டு ஒரு நோட்டீஸ், அதுக்கு மறுப்பு எண்டு இன்னொரு நோட்டீஸ், மறுப்புக்கு மறுப்பு எண்டு மூண்டாவது. தேர்தல் வந்தா ஓட்டோவுல ஸ்பீக்கர் கட்டி ஒழுங்கை ஒழுங்கையாத் திரிவாங்க. இவ்வளவு சத்தத்துக்குள்ள ஒருத்தன் கேட்டதுக்கு இன்னொருத்தன் யோசிச்சுப் பதில் சொன்னதை நான் பார்த்தது குறைவு.

குத்பாவை இதுல சேக்கக்கூடா எண்டு சிலர் சொல்வீங்க. சரிதான். இமாம் குத்பா ஓதக்குள்ள பக்கத்துல கதைக்கிறவனைப் பார்த்து "சும்மா இரு" எண்டு சொல்றதும் வீண்பேச்சுத்தான் எண்டு ஹதீஸ் இருக்கு. ஆனா புகாரியிலயே இன்னொரு சம்பவமும் வருது. நபியவங்க குத்பா ஓதிக்கொண்டிருக்கக்குள்ள ஒரு மனிசர் உள்ள வந்து, கால்நடையெல்லாம் சாகுது, மழைக்கு துஆ கேளுங்க எண்டு நிண்ட நிலையில கேக்கிறார். அவங்க கையேந்துறாங்க, மழை கொட்டுது. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் ஒருத்தர் எழும்பி, மழை கூடிப்போச்சு, வீடெல்லாம் விழுது எண்டு சொல்றார். அவரையும் ஒருத்தரும் வெளிய போடல்ல.

அந்த மனிசர் எங்கட பள்ளிக்கு வந்திருந்தா? மோதினார் தோள்ல கையப் போட்டு அன்பாக் கூட்டிப் போயிருப்பார்.

இனி கொஞ்சம் வம்பான இடத்துக்கு வாறன்.

சாய்ந்தமருது எங்கட பக்கத்து ஊர். எங்கட கல்முனைக்குடி எவடத்த முடிஞ்சு சாய்ந்தமருது எவடத்த தொடங்குது எண்டு பஸ்ல வாற வெளியூர் ஆளுக்கு விளங்காது. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த ஊர்கள். 1987ல சாய்ந்தமருதும் அடங்கின கரவாகுச் சபைகளையும் கல்முனைப் பட்டின சபையையும் ஒண்டாக்கினாங்க. 2001ல அது மாநகர சபை ஆச்சு. எங்களுக்குத் தனிச் சபை வேணும் எண்டு அவங்க. பிரிக்கிறதெண்டா முன்ன இருந்த மாதிரி நாலாப் பிரிங்க எண்டு எங்கட பக்கம். 2017 கடைசியில ரெண்டு ஊர்லயும் கடையடைப்பு, ஊர்வலம். 2018 பெப்ரவரித் தேர்தல்ல சாய்ந்தமருதுப் பெரிய பள்ளிட ஆதரவோட ஒரு சுயேச்சைக் குழு தோடம்பழச் சின்னத்துல இறங்கி, அந்த ஊர் வட்டாரங்களை வாரிக்கொண்டு போச்சு. 2020 பெப்ரவரியில தனி நகர சபைக்கு வர்த்தமானி வந்திச்சு. வெடி கொளுத்தி முடியல்ல, சில நாளையில நிப்பாட்டியாச்சு.

யார் பக்கம் சரி எண்டு நான் இஞ்ச தீர்ப்புச் சொல்லப் போறதில்ல. (ராத்தாட மாப்பிள்ளை சாய்ந்தமருது. ராத்தா வீட்டுலதான் எனக்குப் பகல் சோறு.)

எனக்கு வேற கேள்வி. ஒரு பள்ளிவாசல் இன்ன சின்னத்துக்குப் போடுங்க எண்டு சொல்லலாமா? சொன்னா, அதுக்கு மாறாப் போட்டவன் குத்தவாளியா? ஊருக்கு உரிமை கேக்கிறதுக்குப் பள்ளியை விட்டா வேற ஆர் இருக்காங்க எண்டு கேட்டா என்ன பதில்? மூண்டுமே பெறுமதியான கேள்வி. மார்க்கமும் இருக்கு, ஒழுக்கமும் இருக்கு, அரசியலும் இருக்கு. அந்த வருசங்கள்ல இதை ரெண்டு ஊர் ஆக்களும் ஒரு பாயில இருந்து கதைச்சதை நான் காணல்ல. எங்கட மேடையில நாங்க கைதட்டினம், அவங்கட மேடையில அவங்க.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒவ்வொரு குடியிலயும் ஒரு மரைக்கார் எண்டு எடுத்த ஊர்கள் இது. குடி எண்டா தாய்வழி. எந்தக் குடிக்காரனுக்கும் உள்ள தன்ட வாயாக் கதைக்க ஒரு ஆள் இருந்திச்சு. அந்த முறையில ஆயிரம் குறை சொல்லலாம், சொல்லியும் இருக்கன். ஆனா எதிர்ல இருந்து முறைக்கிற ஆள் ஒருத்தன் கட்டாயம் இருப்பான்.

கதைக்காம விட்டா என்னாகும் எண்டதுக்கு வடக்கால பார்க்கலாம். 2017 மார்ச்சில காத்தான்குடி அலியார் சந்தியில கொள்கைச் சண்டை வாள் வரைக்கும் போச்சு. அதுல ஒரு பக்கத்துக்குத் தலைவனா நிண்டவன் 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்ல என்ன செஞ்சான் எண்டு உலகத்துக்கே தெரியும். அந்த மாசம் 26ந் திகதி சாய்ந்தமருதுல, அவன்ட குடும்பம் ஒளிச்சிருந்த வீட்டுல குண்டு வெடிச்சு, சின்னப் புள்ளயளும் செத்துப் போச்சு. சந்தேகமான ஆக்கள் இருக்காங்க எண்டு தகவல் குடுத்தது ஊர் ஆக்கள்தான். அவன்ட பேச்சை எத்தினையோ பேர் கேட்டாங்க. எதிர்ல இருந்து குறுக்குக் கேள்வி கேக்க ஏலாத பேச்சு அது.

அதுக்குப் பொறகு ஊர்ல மார்க்கம் பத்தி வாயத் திறக்கவே ஆக்கள் பயந்தாங்க. அதுவும் நல்லதில்ல.

எதிராளியை முன்னால வெச்சுக் கதைச்ச ஆக்களும் எங்கட பக்கத்துல இருந்தாங்க. கல்முனையில வளர்ந்த அஷ்ரப் சேர் 1999ல டீஎன்எல் தொலைக்காட்சியில சோம தேரரோட நேருக்கு நேர் இருந்து விவாதிச்சார். தீகவாபிக் காணிப் பிரச்சினை சூடா இருந்த நேரம். தெருவுல கத்தியிருக்கலாம், பாராளுமன்றத்துல கத்தியிருக்கலாம், மந்திரிதானே. சிங்கள ஆக்களுக்கும் விளங்கட்டும் எண்டு சிங்களத்துல, எதிர்ல ஹாமுதுருவை வெச்சுக்கொண்டு கதைச்சார். அவர்ட அரசியல்ல எனக்கு நிறைய முரண்பாடு இருக்கு. அந்த ராவுக்கு மட்டும் சலாம்.

ஆனா நான் சொல்ல வந்த ஆள் அவர் இல்ல.

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் கொழும்புலயும் திருகோணமலையிலயும் குண்டு போட்டுட்டான். நாட்டுல அரிசி இல்ல. நெல் விளையிற பக்கம் கூடுதலா விளைய வைக்கணும் எண்டு கல்முனையில அவசரக் கச்சேரி ஒண்டு திறந்து, உதவி அரசாங்க அதிபரா ஒரு முப்பது வயசுப் பொடியனை அனுப்புறாங்க. ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில பிறந்து, வைத்தீஸ்வரா வித்தியாலயத்துலயும் இந்துக் கல்லூரியிலயும் படிச்சு, சிவில் சேவைக்குப் போன முதலாவது முஸ்லிம். அப்ப அம்பாறை மாவட்டமே இல்ல (அது 1961ல வந்தது). நாங்க எல்லாம் மட்டக்களப்பு.

அந்த மனிசன் வந்த வேலை நெல்லு. ஆனா இஞ்ச அவருக்கு ரெண்டு கூட்டாளி கிடைக்கிறாங்க. ஒராள் காரைதீவுல பிறந்த விபுலானந்த அடிகள். மற்றவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை, இக்பால்ல ஊறிப்போன ஆள். ஒரு துரை, ஒரு துறவி, ஒரு கவிஞர். என்னத்தைக் கதைச்சிருப்பாங்க எண்டு நினைச்சுப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. இக்பால் எண்டா சும்மா ஆளா? ஷிக்வா எண்டு அல்லாஹ்க்கிட்டயே முறைப்பாடு வெச்சுக் கவிதை பாடி ஏச்சு வாங்கினவர். 1913ல பதிலையும் அவரே பாடினார். அதை ரசிக்கிற கவிஞர் ஒரு பக்கம், ராமகிருஷ்ண மிஷன் சாமியார் மறுபக்கம், நடுவுல நெல்லுக் கணக்குப் பார்க்கிற அஸீஸ்.

எனக்குப் பிடிச்சது அதுக்குப் பொறகு நடந்தது. அந்தக் கதையெல்லாம் கதையோட முடியல்ல. அதே 1942ல கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உண்டாச்சு. அந்த யோசனைதான் வளர்ந்து 1945ல இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமா நிண்டுச்சு. வசதியில்லாத எத்தினையோ புள்ளயள் அதால கெம்பஸ் வரைக்கும் போச்சு. முஸ்லிம் புள்ளயள்ட படிப்புக்கு வழி பார்த்த பேச்சுல ஒரு சைவத் துறவிக்கும் பங்கு இருந்திச்சு. ஒருத்தருக்கும் பொன்னாடை போத்தினதாத் தெரியல்ல.

சரி, பெரிய ஆக்கள்ட கதை போதும். எங்கட கூத்தைச் சொல்றன்.

மாஸ்டரும் நானும் இன்னும் கொஞ்சப் பேரும் சேந்து, நாங்களே ஒண்டைத் தொடங்குவம் எண்டு வெளிக்கிட்டம். முதல்ல ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. நோட்டீஸும் அடிச்சம். வந்தவங்க முதல்ல கேட்டது "பிரதம அதிதி யார்?" இல்லை எண்டம். எப்ப தொடங்கிறது, யார் வந்தா எழும்பி நிக்கிறது எண்டு ஒருத்தருக்கும் விளங்கல்ல. மைக் ஒண்டு வெச்சிருந்தம். அதுதான் வினை. ஒரு காக்கா அதைப் பிடிச்சவர், பிஸ்மி சொல்லித் தொடங்கி ஆதம் நபியில இருந்து வந்தார். மூஸா நபிக்கு வரக்குள்ள பின் வாங்கு காலி.

மறுகா தேத்தண்ணிக் கடை. இஷாவுக்குப் பொறகு. ஒரு பிளேன்டீயை வெச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தா முதலாளிக்குப் பிடிக்குமா? டீவியில கிரிக்கெட் வேற. ஆனாலும் கதைச்சம். பலஸ்தீனம் கதைச்சம், பாராளுமன்றம் கதைச்சம், அமெரிக்காக்காரனை ஏசினம். எல்லாரும் சத்தம் போட்டம், எல்லாரும் ஒரே பக்கம். வீட்டுக்குப் போகக்குள்ள ஒருத்தனுக்கும் ஒரு புதுச் சிந்தனையும் இல்ல. நாங்க தப்புச் செய்ய வழியே இல்லாத விசயமாப் பார்த்து எடுத்தா கதைக்கிறது லேசு.

பொறகுதான் கடக்கரை. வாடிப் பக்கம் பாயை விரிச்சு, அஸருக்குப் பொறகு. மைக் இல்ல, கதிரை இல்ல. அங்க ஒரு தப்லீக் தம்பி நல்ல வழி காட்டினார். அவங்கட மஷூராவுல ஒரு ஒழுங்கு இருக்கு. வட்டமா இருந்து, வலப்பக்கத்துல இருந்து ஒவ்வொருத்தர்ட்டயும் "உங்கட ராய் என்ன?" எண்டு கேட்டு வருவாங்க. ஒருத்தர் ராய் சொல்லக்குள்ள மற்றவர் குறுக்க வரக்கூடா. அதை அப்படியே எடுத்துக்கிட்டம். பேசாத மனிசருக்கும் முறை வரும், பேசுற மனிசருக்கும் முறை முடியும்.

மாஸ்டர் இன்னொண்டும் சேத்தார். ஒரு கருத்தை மறுக்க முன்ன, அந்தக் கருத்துக்காரரே "ஓம், நான் சொன்னது இதுதான்" எண்டு ஒத்துக்கொள்ற மாதிரி அதைத் திருப்பிச் சொல்லணும். இதென்ன புதுசா எண்டு கேட்டம். கஸ்ஸாலி இமாமைப் பாருங்க எண்டார். தத்துவவாதிகளை மறுத்து தஹாஃபுத் எழுத முன்ன, அவங்கட கொள்கை என்ன எண்டு மகாஸித் எழுதினார். அதை எவ்வளவு நேர்மையாச் சொன்னார் எண்டா, லத்தீன்ல அதைப் படிச்ச ஐரோப்பாக்காரங்க இவரையும் அந்தக் கூட்டத்துல ஒராளா நினைச்சுட்டாங்க.

இந்தச் சட்டத்துக்கு முதல் சோதனை கொடியேற்றம். எங்கட கடற்கரைப் பள்ளியில ஜமாதுல் ஆகிர் பிறந்தா நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்ட பேர்ல கொடி ஏறும், பன்னிரண்டு நாள் கந்தூரி வரைக்கும் ஊர் ஒரு தினுசா இருக்கும். என்ட வாப்பா ஒரு வருசமும் தவறவிட்டதில்ல. ராத்தாட மாப்பிள்ளை மச்சானுக்கு அது ஷிர்க், அல்லாஹ்க்கு இணை வைக்கிறது. நான் மிட்டாய்க் கடைக்காகப் போவன். வாப்பாட கருத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னா மச்சான் தொடங்கினது, "கபுறை வணங்கிற..." வாப்பா கையை நீட்டினார். "நான் வணங்கல்ல. திரும்பச் சொல்லு." மச்சான் திரும்பச் சொன்னார். அதுவும் சரியில்ல. திரும்ப. கடைசியா வாப்பா தலையாட்டினபோது மஃரிபாயிட்டு. மறுப்பு அடுத்த கிழமைக்குப் போச்சு. மச்சான் கருத்தை மாத்தல்ல, வாப்பாவும் மாத்தல்ல. ஆனா அதுக்குப் பொறகு மச்சான் வீட்டுல அந்தச் சொல்லைப் பாவிக்கிறதில்ல.

இப்படி ஒழுங்கா ஓடக்குள்ளதான் ஒரு தம்பி (கட்டார்ல இருந்து லீவுல வந்தவர்) கேட்டார்: "சீதன வீடு பத்திக் கதைப்பமா?"

அப்படி ஒரு அமைதி. காஸாவுக்குக் கத்தின வாயெல்லாம் கடலைப் பார்க்குது.

வெளியூர் வாசகர்களுக்கு: எங்கட பக்கத்துல பொம்புளப் புள்ளக்கு வீடு குடுத்துத்தான் கட்டிக் குடுக்கிறது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். மார்க்கத்துல மஹர் குடுக்க வேண்டியவன் ஆம்புள. நடப்புல ராத்தா தங்கச்சிக்கு வீடு கட்ட ஒருத்தன் பாலைவனத்துல வேகுறான். அவனுக்கு முப்பத்தஞ்சு ஆகும், அவனும் வந்து இன்னொருத்தன் வேகிக் கட்டின வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போவான். கடலுக்கும் வயலுக்கும் நடுவுல ஒரு துண்டுக் காணியில நெருங்கி வாழுற ஊர். பேர்ச் என்ன விலை எண்டு கேட்டா நெஞ்சு வலிக்கும்.

அமைதியை உடைக்க நான் உமர் கலீபாட சம்பவத்தைச் சொன்னன். மஹருக்கு உச்ச வரம்பு போடப் பார்த்தவரை ஒரு பொம்புள எழும்பி குர்ஆன் வசனம் காட்டி மறிச்ச கதை. சொல்லி முடிக்கல்ல, இளம் மௌலவி ஒராள், "அந்த அறிவிப்புட ஸனது, அறிவிப்பாளர் வரிசை, பலவீனம்" எண்டார். சரிதான், ஹதீஸ் ஆலிம்கள் அப்படிச் சொல்லியிருக்காங்க. ஆனா அதுக்குப் பொறகு ஸனது பத்தியே கதை ஓடிச்சு. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள நிம்மதி. சீதனத்துல இருந்து தப்பினம்.

அடுத்த முறை விடல்ல. முறை வைச்சுக் கேட்டம். எல்லா ராயும் ஒண்டு. சீதன வீடு கூடாது, ஒழிக்கணும். சொன்ன எல்லாரும் சீதன வீட்டுலதான் இருக்கம். (நானும்.)

ராவு ராத்தாட்ட இதைப் பெருமையாச் சொன்னன். அவ மீன் கழுவிக்கொண்டிருந்தா. "வீடு ஆர்ட பேர்ல கிடக்கு?" எண்டு கேட்டா. உன்ட பேர்ல எண்டன்.

"உன்ட மச்சான் கோவிச்சுக்கிட்டா ஆர் வெளிய போகணும்? அவர். நான் இல்ல. கலியாண ரெஜிஸ்டர்ல என்ட கையெழுத்தே இல்ல, வாப்பாதான் வெச்சார். வீட்டு உறுதியில என்ட கையெழுத்து இருக்கு. அதை ஒழிக்கிறதுக்கு நீங்க கடக்கரையில கூட்டம் போடுறயளோ?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவ சொன்னது சட்டப்படி சரி. 1951ல வந்த முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்துல பொண்ணுட கையெழுத்துக்கு இடம் வைக்கல்ல, அவட வலி (பொறுப்பான ஆம்புள) தான் கையெழுத்து வைக்கிறது. அதைத் திருத்த 2009ல நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில குழு போட்டாங்க. அறிக்கை வந்தது 2018 ஜனவரியில, அதுவும் குழு ரெண்டா உடைஞ்சு. ஒம்பது வருசம். எங்கட கடக்கரைக் கூட்டம் எவ்வளவோ பரவாயில்ல.

இப்ப கூட்டம் ராத்தாட வளவுலதான். அவ சொன்ன நிபந்தனை அது. பொம்புளயள் கடக்கரைக்கு வர மாட்டாங்க, அப்ப நீங்க இஞ்ச வாங்க எண்டா. மாமரத்துக்குக் கீழ ஆம்புளப் பாய், குசினி விறாந்தையில பொம்புளப் பாய். ராய் ரெண்டு பக்கமும் மாறி மாறி. முதல் நாள் விறாந்தைப் பக்கம் முழுக்கக் குசுகுசுப்பு. ரெண்டாவது நாள் மாமரத்துப் பக்கம் அடங்கிப் போச்சு.

அங்க கிளம்பின விசயம் நாங்க கடக்கரையில நினைச்சே பார்க்காதது. வீடு பொம்புளக்குப் பாதுகாப்பு, அது கிடக்கட்டும் எண்டு பெரும்பாலும் அவங்கட ராய். பிரச்சினை மாப்பிள்ளை வீட்டார் கேக்கிற மேல்மாடி, டைல்ஸ், ரொக்கம். அதைக் கேக்கிறது ஆர்? வாப்பாமார் இல்ல, உம்மாமார்தான் எண்டு ஒரு வயசான மாமி போட்டுக் குடுத்தா. விறாந்தையில சண்டை. ஒரு டீச்சர் எழும்பி, வீடு கட்ட வசதியில்லாத வாப்பாட புள்ளக்கு உங்கட பாதுகாப்பால என்ன பிரயோசனம் எண்டு கேட்டா. அதுக்கு ஒருத்தர்ட்டயும் பதில் இல்ல. எனக்கும் இல்ல. ராத்தாவும் பேசல்ல. இன்னும் அந்தக் கேள்வி அப்படியே கிடக்கு.

ஒண்டு மட்டும் நடந்திச்சு. விறாந்தைப் பக்கம் ஆம்புளப் புள்ள பெத்த சில உம்மாமார், எங்கட மவனுக்குக் கேக்க மாட்டம் எண்டு தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்களாம். எத்தினை பேர் எண்டு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்களாம். சரி.

அடுத்த தலைப்புக்கு இப்ப சண்டை நடக்குது. தேர்தல் நேரம் வேட்பாளர் தாற உலருணவுப் பொதியை வாங்கலாமா, வாங்கித் திண்டுட்டு மற்றவனுக்குப் போடலாமா? லஞ்சம் எண்டா என்ன எண்டு முதல்ல வரையறுக்கணும் எண்டு மாஸ்டர். வாக்கு ஒரு அமானிதம், அதுல இருந்து தொடங்கணும் எண்டு மௌலவி. எங்கட வரிப்பணத்தைத்தானே எங்களுக்கே பொதி கட்டித் தாறான் எண்டு மீன்காரக் காக்கா. நான் சொன்னன், இது சரிவராது, வாங்கினது ஆர் எண்டு கேட்டா ஒருத்தரும் கை தூக்க மாட்டாங்க எண்டு.

"நான் வாங்கினன் தம்பி" எண்டா ராத்தா, விறாந்தையில இருந்து. "ரெண்டு கட்சிக்காரன்ட்டயும்."